மறு: ‘ஏரன்டேகன்’ – ‘சிறப்பளிப்பு வாள்’ என்னும் முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம். ஒருவரைச் சிறப்பிக்க அளிக்கும் வாளைக் குறிக்கும் ‘ஏரன்டேகன்’ (Ehrendegen) என்ற ஜெர்மன் சொல்லுக்குத் தமிழில் ‘சிறப்பளிப்பு வாள்’ எனலாம் என்ற முன்மொழிவுக்கு எழுந்த கேள்வி இது:

> ‘வீரவாள்’ என்ற சொல் வழக்கில் இருக்க, புதுச்சொல் எதற்கு?

மேடையில் தலைவர்களுக்கு வீரவாள் வழங்கும் வழக்கத்தால் அச்சொல்லில் கொடைப்பொருள் ஏறியிருப்பது உண்மையே. ஆயினும் 1871 முதல் 1918 வரையிலான ஜெர்மன் பேரரசில் இத்தகைய வாள்கள் பல, படைப்பிரிவை விட்டுப் பிரியும் அதிகாரிக்கு உடன் பணியாற்றியோர் கூடிச் செய்வித்து அளித்தவை. களத்தில் காட்டிய வீரம் அங்கே நிபந்தனை அன்று. ‘பரிசு வாள்’ என்றால் போட்டியில் வென்றதாகிவிடும். ‘மாராயம் பெற்ற நெடுமொழி’ என்னும் தொல்காப்பியத் தொடரை ஒட்டிய ‘மாராய வாள்’ என்னை மிகவும் கவர்ந்தது. ஆனால் மாராயம் வேந்தன் செய்யும் சிறப்பு. ஆகவே ஜெர்மன் பேரரசராகிய கைசரே வழங்கிய வாளுக்கு மட்டும் அதை ஒதுக்கலாம்.

பழைய வாள் சேகரிப்பாளருக்குப் பயன்படும் சொல், அலங்காரத்தை அன்றி அளித்தலைச் சுட்ட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அக்கால ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் வாளைத் தம் செலவிலேயே வாங்கினர். வசதி படைத்த ஓர் இளம் அதிகாரி, சோலிங்கன் நகரப் பட்டறையொன்றில் நீலமேற்றிப் பொன்பூசிய, அலைவரி கொண்ட டமாஸ்கஸ் எஃகு அலகைத் தனக்கென்றே செய்வித்துக்கொள்ள முடிந்தது. பிரஷ்யக் காலாட்படையின் 1889ஆம் ஆண்டு மாதிரி வாளில் கழுகு பொறித்த கைக்காப்பும் கம்பி சுற்றிய கைப்பிடியும் எப்படியும் இருக்கும். எனவே அளித்தவர், பெற்றவர், நாள் ஆகியவற்றைக் கூறும் அளிப்பு வாசகமே வேறுபாட்டைக் காட்டும் முதற்சான்று.

அவ்வாசகத்தையும் கூர்ந்து பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே அமிலத்தால் அரித்தெடுத்த எழுத்துகளுக்கு அலகிலுள்ள கொடிவேலைப்பாடு இடம்விட்டு விலகி நிற்கும். பின்னாளில் விலையேற்றுவதற்காகச் சேர்த்த எழுத்துகளோ கொடிகளுக்கிடையே நெருக்குண்டு, பழைய பொற்பூச்சை வெட்டிக்கொண்டு செல்லும்.

‘சிறப்பு வாள்’ என்று சுருக்கினால் ‘தனிவகை வாள்’ என்ற பொருள் முந்திக்கொள்ளும். பொன்னாடை போர்த்திச் ‘சிறப்பு செய்தல்’ என்கிறோமே, அந்தப் பொருள் நிலைபெற ‘அளிப்பு’ உடன் வர வேண்டும். நேரான ‘டேகன்’ வகைக்குச் ‘சிறப்பளிப்பு வாள்’ என்றும், வளைந்த ‘சேபல்’ வகைக்குச் ‘சிறப்பளிப்பு வளைவாள்’ என்றும் கொள்ளலாம். அகராதிப் பதிவை இவ்வாறு அமைக்கப் பரிந்துரைக்கிறேன்:

சிறப்பளிப்பு வாள் (பெ.) – ஒருவரின் பணியையோ பிரியாவிடையையோ முன்னிட்டு மற்றவர் செய்வித்து அளித்த, அளிப்பு வாசகம் பொறித்த வாள்.