மறு: எக்ஸ்டெர்னல் செஃபாலிக் வெர்ஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

வயிற்றில் தலை கீழ்நோக்கி இல்லாத குழந்தையை மருத்துவர் வெளியிலிருந்து கைகளால் திருப்பும் முறைதான் எக்ஸ்டெர்னல் செஃபாலிக் வெர்ஷன். கர்ப்பிணிகளுக்கான கையேட்டில் அதைப் பற்றிய இந்த ஒரு பக்கம்தான் பாக்கி. இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். என் கருத்து கீழே.

> செஃபாலிக் = தலைகீழ் நிலை

இது வேண்டாம். பொருள் சரிதான், ஆனால் ‘எல்லாம் தலைகீழாகிவிட்டது’ என்று நாம் எப்போது சொல்கிறோம்? தலை கீழ்நோக்கி இருப்பதுதான் பிரசவத்துக்கு ஏற்ற நிலை, ஆனால் ‘குழந்தை தலைகீழ் நிலையில் உள்ளது’ என்று படிக்கும் பெண் நல்ல செய்தியைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்வாள். ‘தலை இறங்கிய நிலை’யும் ஒத்துவராது. குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்புக்குள் பொருந்துவதைத்தான் ‘தலை இறங்கிடுச்சு’ என்கிறோம். அது வேறு கட்டம்.

பிறப்பு வழியை நோக்கி எந்த உறுப்பு முந்தி நிற்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. ஆகவே தலைமுந்து நிலை, பிட்டமுந்து நிலை, கால்முந்து நிலை என்று வைக்கலாம். குறுக்கே கிடந்தால் குறுக்குக் கிடை. பிட்டம் முந்தி வருவதை ‘இடுப்புப் பிரசவம்’ என்றால் யாருடைய இடுப்பு என்ற குழப்பம் வரும். ‘கால்முந்து’ யாருக்கும் அந்நியமாகப் படாது. சுளுக்கு விழுந்தால் ‘காலால் பிறந்தவரை’த் தேடிப் பிடித்து மிதிக்கச் சொல்கிற ஊர்தானே நம்முடையது!

இனி முக்கியமான சொல்லுக்கு வருகிறேன்.

> வெர்ஷன் = கருத்திருப்பம்

‘கரு’வையும் ‘திருப்ப’த்தையும் சேர்த்து எழுதினால் ‘கருத்து இருப்பம்’ என்று கண் படிக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ‘திருப்பம்’ என்பதில் யார் செய்தார்கள் என்பதே தெரியவில்லை. இந்தப் பக்கத்துக்கு அதுதான் உயிர். 28 வாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தை பிட்டமுந்து நிலையில் இருக்கும். மாதம் நிறையும்போது அது நூற்றுக்கு மூன்று, நான்காகக் குறைந்துவிடும். பெரும்பாலானவை தாமாகவே புரண்டுவிடுகின்றன. அதனால் 36 வாரம் வரை பொறுத்திருக்கலாம். அப்போதும் திரும்பாவிட்டால்தான், முதல் பிரசவத்துக்கு 36 வாரத்திலிருந்தும் மற்றவர்களுக்கு 37 வாரத்திலிருந்தும் மருத்துவர் திருப்பிப் பார்ப்பது பிரிட்டனில் வழக்கம்.

தானாக நடப்பது திரும்பல், மருத்துவர் செய்வது திருப்பல். தன்வினை, பிறவினை என்று தமிழிலேயே இந்த வேறுபாடு இருக்கும்போது அதை விடுவானேன்?

> தடவித் திருப்பல் – எளிமையாக இருக்கிறதே, ஐயா?

எளிமைதான், அம்மா. ஆனால் எண்ணெய் போட்டு வீட்டிலேயே தடவலாம் என்று பாட்டிமார் கிளம்பிவிடுவார்கள். உண்மையில் ஸ்கேன் பார்த்து, கருப்பையைத் தளர்த்த மருந்து கொடுத்து, முன்னும் பின்னும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிந்து, சிசேரியனுக்கு வசதியுள்ள இடத்தில் செய்கிறார்கள். சுமார் பாதிப் பேருக்குப் பலிக்கிறது. அரிதாக, ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு, உடனே சிசேரியன் தேவைப்படும். நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறைத்திருந்தாலோ, பனிக்குடம் உடைந்திருந்தாலோ, வயிற்றில் இரட்டைக் குழந்தைகள் இருந்தாலோ செய்வதில்லை. தடவல் என்ற சொல் இதையெல்லாம் மறைத்துவிடும்.

‘கைத்திருப்பல்’ என்ற பரிந்துரை எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் இரட்டையரில் இரண்டாவது குழந்தையை, கருப்பைக்குள் கைவிட்டுக் காலைப் பற்றித் திருப்பும் முறையும் உண்டே, அதுவும் கைதான். ஆகவே இது புறத்திருப்பல், அது அகத்திருப்பல். புறநோயாளி தெரிந்தவர்களுக்குப் ‘புற’ புரியாமல் போகாது. ‘செஃபாலிக்’கையும் இழுத்துவந்து ‘புறத் தலைத்திருப்பல்’ என்றால் குழந்தையின் தலையைப் பிடித்துத் திருகுவது போல இருக்கிறது, சாமி! அதை விட்டுவிடலாம். கையேட்டில் முதல் முறை வரும்போது மட்டும் ‘புறத்திருப்பல், அதாவது வயிற்றின் மேல் கைவைத்துக் குழந்தையைத் திருப்புதல்’ என்று விரித்து எழுதினால் போதும்.

பிட்டமுந்து நிலையிலேயே இரண்டு வகைக்கு இன்னும் பெயர் வேண்டும். கால்கள் நேராக முகத்தருகே நீண்டிருப்பது ஒன்று, சம்மணமிட்டது போல மடங்கியிருப்பது மற்றொன்று. நீட்டுகால், மடக்குகால் என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். பிரசவ வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் யாராவது இந்தக் குழுவில் இருந்தால், அங்கே பேச்சில் எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம்.