கோ 1.22-ல் கட்டிய இஎக்ஸ்இ விண்டோஸ் 7-ல் திறந்த உடனே விழுகிறது – எடைமேடை சிஸ்டம், உதவுங்கள்

எடைமேடை | 2024 ஜூன் 11, இரவு 10:40

வணக்கம். காங்கேயம் பக்கம் ஒரு கொப்பரைக் களத்துக்கு எடைமேடை சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வண்டி மேடையில் ஏறி நின்றதும் இண்டிகேட்டரிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடை வரும். காலி வண்டி எடையைக் கழித்து, நிகர எடையோடு டாட் மேட்ரிக்ஸில் சீட்டு அடிக்கும். அவ்வளவுதான் வேலை. கோ என்ற புரோகிராமிங் மொழியில் எழுதியது, மூன்று வருடமாக ஓடுகிறது.

சிஸ்டம்: விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1, 32 பிட், 2 ஜிபி ராம். நெட் கிடையாது. பென்டிரைவில் கொண்டுபோய்த்தான் போடுவேன்.

போன வாரம் என் லேப்டாப்பில் கோ 1.21-லிருந்து 1.22-க்கு மாறினேன். சீட்டில் ஜிஎஸ்டி எண்ணை ஒரு வரி மேலே ஏற்றச் சொன்னார் ஓனர். அந்த ஒரு வரியை மாற்றிக் கட்டி, இன்று கொண்டுபோய்ப் போட்டேன். கறுப்பு விண்டோ ஒரு மின்னல் மின்னிவிட்டு மறைந்துவிட்டது. சிஎம்டி திறந்து ஓட்டினால் "எக்ஸெப்ஷன்" என்று தொடங்கி, சி0000005, பக்கத்தில் பிசி = 0, அதற்குக் கீழே ரன்டைம் என்று சில வரிகள். என் கோடில் உள்ள ஒரு ஃபங்ஷன் பெயர்கூட அதில் இல்லை. மெயினுடைய முதல் வரியிலேயே ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்தேன், அதுகூட வரவில்லை.

பார்த்தவை: 32 பிட்டுக்குத்தான் கட்டினேன். ஆன்ட்டிவைரஸ் நிறுத்தியாச்சு. அட்மினாக ஓட்டியாச்சு. விஷுவல் சி++ ரன்டைம் போட்டுப் பார்த்தாச்சு. அதே இஎக்ஸ்இ என் விண்டோஸ் 11 லேப்டாப்பில் ஜம்மென்று ஓடுகிறது.

இதற்குள் மேடையில் ஒரு லோடு, கேட்டில் இரண்டு லோடு நின்றுவிட்டது. டிரைவர் விட்ட ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. பழைய இஎக்ஸ்இ-யைத் திரும்பப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

---

மின்வெட்டு | இரவு 10:52

கோ 1.20-தான் விண்டோஸ் 7, 8-க்குக் கடைசி. 1.21-லிருந்து குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும். 1.20 வெளியீட்டுக் குறிப்பிலேயே, 2023 பிப்ரவரியில், முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். படிக்கவில்லையா ப்ரோ?

---

எடைமேடை | இரவு 11:05

படிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயம் உதைக்கிறதே. அங்கே இப்போது ஓடும் பழைய இஎக்ஸ்இ-யும் 1.21-ல் கட்டியதுதான். போன அக்டோபரிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. 1.21-லேயே நிறுத்திவிட்டார்கள் என்றால் அது எப்படி ஓடுகிறது?

---

மின்வெட்டு | இரவு 11:09

ஞாபகப் பிசகாக இருக்கும். லேப்டாப்பில் 'கோ வெர்ஷன்' என்று அடித்து, பக்கத்தில் அந்த இஎக்ஸ்இ-யின் பெயரைக் கொடுங்கள். எந்தக் கோவில் கட்டியது என்று அதுவே சொல்லும்.

---

எடைமேடை | இரவு 11:16

பார்த்துவிட்டேன். 1.21.1 என்றுதான் சொல்கிறது.

---

பழையபெட்டி | ஜூன் 12, காலை 6:20

தம்பி, உங்கள் ஞாபகம் சரிதான். 1.21-ன் ஆரம்ப வெளியீடுகளில் கட்டியது விண்டோஸ் 7-ல் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆதரவை நிறுத்துகிறோம் என்றால் அன்றைக்கே பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. இனி அந்தச் சிஸ்டத்தில் சோதித்துப் பார்க்க மாட்டோம், அதற்காக வைத்திருந்த மாற்று வழிகளைக் கழற்ற ஆரம்பிப்போம், அவ்வளவுதான். நாற்காலியில் ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினால் எல்லா ஆணிக்கும் உடனே விழாதே. இத்தனை மாதம் நீங்கள் மிச்ச ஆணியில் உட்கார்ந்திருந்தீர்கள்.

உங்களைக் கீழே தள்ளிய ஆணி எது என்றும் சொல்கிறேன். கோ புரோகிராம் எதுவானாலும், உங்கள் மெயினுக்கு வரும் முன்பே அதன் ரன்டைம் (இஎக்ஸ்இ-க்குள் கோ தானாகவே சேர்க்கும் அடிப்படைக் கோடு) கொஞ்சம் ரேண்டம் எண் கேட்கும். மேப்களின் ஹாஷுக்கு விதை வேண்டும் அல்லவா. முன்பு அதை ஆர்டிஎல்ஜென்ரேண்டம் என்ற பழைய ஃபங்ஷனிடம் வாங்கினார்கள். பிறகு ப்ராசஸ்பிஆர்என்ஜி என்ற ஃபங்ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். அது இருப்பது பிகிரிப்ட்பிரிமிட்டிவ்ஸ் டிஎல்எல் என்ற விண்டோஸ் ஃபங்ஷன் கோப்புக்குள்ளே. வேடிக்கை என்னவென்றால், அந்த டிஎல்எல் விண்டோஸ் 7-லும் உண்டு. அதற்குள் அந்த ஃபங்ஷன் மட்டும் இல்லை. அதனால் டிஎல்எல் லோடு ஆவதில் சிக்கல் வராது. ஃபங்ஷனின் முகவரியைக் கேட்கும்போது விண்டோஸ் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். விண்டோஸ் 10-ல் கட்டாயம் இருக்கும் என்பதால் ரன்டைம் அதைச் சரிபார்ப்பதில்லை. நேராகப் பூஜ்யத்துக்கே தாவுகிறது. நீங்கள் பார்த்த 'பிசி = 0' அதுதான். அது கம்ப்யூட்டர் பிசி இல்லை, புரோகிராம் கவுண்டர், அதாவது அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி. உங்கள் பிரிண்ட் வராததற்கும் இதுவே காரணம். உங்கள் கோடு இன்னும் தொடங்கவே இல்லை.

---

நள்ளிரவு கம்பைலர் | காலை 8:02

ரஸ்ட் மொழியிலும் இதே ஃபங்ஷன்தான் காலை வாருகிறது. மே மாதம் வந்த ரஸ்ட் 1.78-லிருந்து குறைந்தபட்சம் விண்டோஸ் 10. அதில் கட்டியதை 7-ல் திறந்தால், இந்த டிஎல்எல்-ல் இந்த ஃபங்ஷன் இல்லை என்று விண்டோஸே பெயரோடு ஒரு பெட்டி காட்டும். கோ ஓட ஆரம்பித்த பிறகு தேடுவதால் பூஜ்யத்தில் போய் விழுகிறது. ரஸ்டில் விண்டோஸ் 7-க்குத் தனி டார்கெட் இருக்கிறது, ஆனால் மூன்றாம் அடுக்கு. ரெடிமேடாக எதுவும் கிடைக்காது, நாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

பைத்தான்காரர்கள் இதை 2020-லேயே பார்த்துவிட்டார்கள். 3.8-தான் 7-க்குக் கடைசி. 3.9-ல் பண்டில் செய்து கொடுத்துவிட்டு, டிஎல்எல் காணோம் என்று யார் யாரோ தளத்திலிருந்து டவுன்லோட் செய்து போட்டவர்கள் ஏராளம். அந்த வேலை மட்டும் செய்யாதீர்கள்.

---

எடைமேடை | காலை 9:30

அண்ணே, இப்போதுதான் விளங்குகிறது. நன்றி. கோ.மாட் கோப்பில் (எந்தக் கோ, எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று எழுதியிருக்கும் கோப்பு) 'கோ 1.22.0' என்றிருந்த வரியை 'கோ 1.20' என்று மாற்றிவிட்டேன். இனிக் கட்ட வேண்டும். மத்தியானம் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கிறேன்.

---

பழையபெட்டி | காலை 9:34

போக வேண்டாம், பெட்ரோல் தண்டம். அந்த வரி மொழியின் விதிகளை மட்டும்தான் 1.20-க்குப் பின்னே இழுக்கும். உள்ளே சேர்கிற ரன்டைம் லேப்டாப்பில் எந்தக் கோ இருக்கிறதோ அதனுடையது, அதாவது 1.22. பூஜ்யத்தில் விழுவது அப்படியேதான் இருக்கும். அப்படிக் கட்டும் இஎக்ஸ்இ-க்கு 'கோ வெர்ஷன்' போட்டால் 1.22 என்றே காட்டும்.

கட்டுகிற கருவியே 1.20 ஆக வேண்டும். அந்த வரிசையில் கடைசி 1.20.14. இப்போதுள்ள கோவை அழிக்க வேண்டியதில்லை. கோ இன்ஸ்டால் கட்டளைக்கு 'கோலாங்.ஆர்க்/டிஎல்/கோ1.20.14@லேட்டஸ்ட்' என்று கொடுத்தால் 'கோ1.20.14' என்ற பெயரிலேயே ஒரு கட்டளை வந்துவிடும். அதற்கு 'டவுன்லோட்' என்று ஒரு முறை சொல்லுங்கள், மொத்தத்தையும் தனி இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளும். மற்ற வேலைக்கு 1.22, களத்துக்கு மட்டும் இது.

---

எடைமேடை | பகல் 12:48

நல்லவேளை, கிளம்பி வண்டிச் சாவியைக் கையில் எடுத்திருந்தேன்.

1.20.14 இறக்கியாச்சு. ஆனால் கட்ட விட மாட்டேன் என்கிறது. கோ.மாட்-ல் 'டூல்செயின்' என்று ஒரு வரி இருக்கிறது, நான் எழுதியதில்லை. அது என்ன என்றே தெரியாது என்கிறது. காலையில் மாற்றியதை கிட்-ல் (கோடின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கருவி) பழையபடி திருப்பியிருந்ததால் 'கோ 1.22.0' வரியும் நிற்கிறது. அதைத் தவறான வெர்ஷன் என்று சொல்லிவிட்டு, '1.23 வடிவத்தில் இருக்க வேண்டும்' என்கிறது. 1.20 போடச் சொன்னால் 1.23 கேட்கிறதே அண்ணே?

---

மின்வெட்டு | பகல் 12:55

😂 இதில் மாட்டாதவர் யாரும் இல்லை. 1.23 வெர்ஷனைக் கேட்கவில்லை. 'ஒன்று, புள்ளி, இரண்டு இலக்கம்' என்று எழுது என்பதற்கு உதாரணம் காட்டுகிறது. மூன்று பகுதியாக எழுதும் வழக்கம் 1.21-ல் வந்தது, அதற்கு முந்தைய கோவுக்கு அது புரியாது. டூல்செயின் வரியும் அப்படியே. 1.21-க்குப் பிறகு ஏதாவது லைப்ரரியைப் புதுப்பித்திருப்பீர்கள், அப்போது அதுவாகவே எழுதிக்கொண்டிருக்கும். டூல்செயின் வரியைத் தூக்கிவிட்டு, மேலே 'கோ 1.20' என்று மட்டும் வையுங்கள்.

---

எடைமேடை | மாலை 4:10

அந்த இரண்டும் போய்விட்டது. அடுத்தது வந்துவிட்டது. ஸ்லைசஸ் பேக்கேஜ் இல்லை, மின் என்ற ஃபங்ஷன் இல்லை, சீரியல் போர்ட் லைப்ரரி கூடவே இழுத்து வந்த ஒரு துணை லைப்ரரி புதிய கோ கேட்கிறது.

---

பழையபெட்டி | மாலை 5:45

ஸ்லைசஸ், மேப்ஸ், எஸ்லாக், மின், மேக்ஸ் எல்லாமே 1.21-ல் வந்தவை. நீங்கள் ஸ்லைசஸ் வைத்து என்ன செய்தீர்கள்? வரிசைப்படுத்தியிருப்பீர்கள். பழைய சார்ட் பேக்கேஜ் போதும். மின்-க்கு நான்கு வரியில் நீங்களே ஒரு ஃபங்ஷன் எழுதிவிடலாம். இதற்காக எக்ஸ்/எக்ஸ்ப் என்ற சோதனை லைப்ரரியை இழுத்து வராதீர்கள், அது வேறு ஒரு வாலைப் பிடித்துக்கொண்டு வரும்.

லைப்ரரிக்கு உங்கள் கிட் வரலாற்றைப் பாருங்கள். 1.20 காலத்தில் கோ.மாட்-லும் கோ.சம்-லும் என்ன இருந்ததோ, அதை அப்படியே எடுத்து வையுங்கள். பிறகு 1.20.14-ஐ வைத்தே 'மாட் வெண்டர்' கொடுத்து, லைப்ரரி மொத்தத்தையும் உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே கொண்டுவந்து கிட்-ல் சேர்த்துவிடுங்கள். நாளைக்கு யாரோ அவர்கள் லைப்ரரியை மாற்றினாலும் உங்களைத் தொடாது. 1.20.14-ன் ஜிப் கோப்பையும் பக்கத்தில் ஒரு காப்பி வையுங்கள்.

---

டக்ஸ்தோழன் | இரவு 7:30

இத்தனை பாடு எதற்கு? விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவே 2020 ஜனவரி 14-ல் முடிந்துவிட்டது. கோ 1.20-க்கும் இந்தப் பிப்ரவரியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, 1.22 வந்ததால். செத்த ஓஎஸ்-க்குச் செத்த கம்பைலரா? டெபியன் 12 போடுங்கள், 32 பிட்டுக்கும் இருக்கிறது. இல்லையென்றால் விண்டோஸ் 10. விண்டோஸ் 7-க்காக ஒட்டுப்போட்ட புதிய கோவைக்கூடச் சிலர் நடத்துகிறார்கள், அதையாவது எடுக்கலாம்.

---

எடைமேடை | இரவு 8:15

சொல்வது நியாயம்தான் தோழர். ஆனால் களத்தில் நிலைமை வேறு. போன தீபாவளிக்கே விண்டோஸ் 10 போட்டுப் பார்த்தோம். சிஸ்டத்தில் சீரியல் போர்ட் இல்லை, யூஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிள்தான். அதன் சிப் பழையது. 10-ல் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்து நின்றுவிட்டது. 7-ல் அதே கேபிள் வேலை செய்கிறது. லினக்ஸ் என்றால் சீட்டு அடிக்கும் அம்மாவுக்கு நான் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். அவர் திரையே பார்ப்பதில்லை, எஃப்2, எஃப்5 விரலிலேயே பழகிவிட்டது.

---

பழையபெட்டி | இரவு 8:50

டக்ஸ்தோழன் சொல்வதில் பாதி சரி. நெட்டில் இருக்கிற சிஸ்டம் என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். 1.20-ல் இனி நெட் தொடர்பைப் பூட்டிக் காக்கும் டிஎல்எஸ்-ல் ஓட்டை வந்தால் அடைக்க ஆளில்லை. இது நெட் இல்லாத சிஸ்டம், ஒரு சீரியல் கேபிளிலிருந்து எண் வாங்கிக் காகிதத்தில் அடிக்கிறது. இதற்கு வரும் பெரிய ஆபத்து தம்பியின் பென்டிரைவ்தான். அதை வேறு எங்கும் செருகாமல் தனியாக வைத்திருந்தால் போதும்.

ஒட்டுப்போட்ட கோ வேண்டாம் என்பது என் கருத்து. செய்கிறவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கழற்றிய ஆணியை அவர்கள் திரும்ப அடிக்க வேண்டும். ஒரு நாள் அவர்களுக்கு அலுத்துப்போனால் நீங்கள் மறுபடி ஹாரன் கேட்பீர்கள். உங்களுக்குப் புதிய கோவிலிருந்து வேண்டியது ஒன்றுமே இல்லை. இருப்பதை உறையவிடுங்கள்.

மாற்ற வேண்டியது கேபிள். புதிய சிப் உள்ள கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி, முதலில் 7-லேயே ஒரு மாதம் ஓட்டுங்கள். பிறகு ஓஎஸ் மாற்றுவது பெரிய விஷயமாக இருக்காது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 வரைதான் கணக்கு என்பதை ஓனரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

---

எடைமேடை | ஜூன் 15, மாலை 6:05

ஓடிவிட்டது!

சார்ட் பேக்கேஜுக்கு மாற்றினேன், லைப்ரரிகளைப் பழைய கோ.மாட் படி இறக்கி வெண்டர் செய்தேன், 1.20.14-ல் 32 பிட்டுக்குக் கட்டினேன். கிளம்பும் முன் 'கோ வெர்ஷன்' போட்டு 1.20.14 என்று கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். கட்டும் பேட்ச் கோப்பிலும் அந்தச் சோதனையைச் சேர்த்துவிட்டேன். 1.20 இல்லையென்றால் பென்டிரைவுக்கே காப்பி ஆகாது.

காலையில் முதல் லோடு 14,360 கிலோ, சீட்டு சரியாக வந்தது. ஓனர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முன்ன இருந்த மாதிரியேதானுங்க இருக்குது, இதுக்கா நாலு நாளு?" என்றார். ஜிஎஸ்டி எண் ஒரு வரி மேலே போயிருப்பதைக் காட்டினேன்.

கேபிளுக்குக் காசு கேட்டிருக்கிறேன். பார்ப்போம்.