நிர்வாகத்தின் தரத்தைச் சிறு முதலீட்டாளர் எதை வைத்து மதிப்பிடுவது?

செந்தில், மன்னார்குடி
வணக்கம். சம்பா நெல் விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் பங்குகளில் போட்டு வருகிறேன். விற்பனை, இலாபம், கடன் ஆகியவற்றை ஓரளவு படிக்கத் தெரியும். ஆனால் நிறுவனத்தை நடத்துபவர்கள் நாணயமானவர்களா என்பதை, அவர்களை நேரில் சந்திக்க வழியில்லாத என்னைப் போன்றவர் எப்படி அறிவது? தொலைக்காட்சிப் பேட்டிகளில் எல்லோருமே நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள்.

மீனாட்சி, கும்பகோணம்
பேட்டிகளை விட்டுவிடுங்கள், ஐயா. ஐந்தாறு ஆண்டறிக்கைகளை இறக்கி, மிகப் பழையதிலிருந்து வரிசையாகப் படியுங்கள். புதிய ஆலை எப்போது இயங்கும், கடன் எவ்வளவு குறையும் என்று அன்று எழுதியவை பின்னர் என்னவாயின என்று பாருங்கள். தவறிப்போனதைக் காரணத்தோடு சொல்லும் நிர்வாகத்தை நான் மதிக்கிறேன். அந்தப் பேச்சையே அடுத்த அறிக்கையில் காணாமல் செய்துவிடும் நிர்வாகத்தின் பங்கைத் தொடுவதில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விடும்போதும் முந்தைய போகங்களில் நெல்லை ஒழுங்காக அளந்தவரா என்றுதானே விசாரிக்கிறோம்.

இரகுநாதன், தஞ்சாவூர்
மீனாட்சி அம்மா சொன்னது திறமையை அளக்க உதவும்; நாணயத்தை அளக்க, ஆண்டறிக்கையில் தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள் பற்றி வரும் குறிப்பைத்தான் நான் முதலில் திறப்பேன். நிறுவனரின் குடும்பத்தாருக்குச் சொந்தமான நிறுவனங்களுக்குக் கடன், வாடகை, முன்பணம் என்று பணம் போய்க்கொண்டே இருந்தால், இலாபம் எவ்வளவு இருந்தாலும் அது நம் கைக்கு வராது.

சத்யம் என்ற மென்பொருள் நிறுவனம் 2008-இல் நல்ல நிர்வாகத்துக்கான விருதையே பெற்றிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், தலைவரின் குடும்பத்தோடு தொடர்புடைய இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களை ஏறத்தாழ 160 கோடி டாலருக்கு வாங்க அதன் இயக்குநர் குழு ஒப்புதல் அளித்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததால் உடனே கைவிட்டது. 2009 ஜனவரி 7-இல் தலைவரே கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டபோது, காட்டப்பட்டிருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று தெரிந்தது. பொய்க் கணக்கை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம். ஆனால் மேட்டாஸ் முடிவு எல்லோர் கண்முன்னும் நடந்தது. நிறுவனர்கள் தம் பங்குகளை அடமானம் வைத்தால் வெளிப்படுத்த வேண்டும் என்ற விதியும் அதற்குப் பிறகுதான் வந்தது. இன்று காலாண்டுதோறும் பங்குச்சந்தைத் தளங்களில் அதைப் பார்க்கலாம்.

செந்தில், மன்னார்குடி
மிக்க நன்றி. பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்தில் வாக்களிப்பதால் பயன் உண்டா?

இரகுநாதன், தஞ்சாவூர்
உண்டு, ஆனால் அதை நம்பி வாங்காதீர்கள். கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் பங்குதாரர்கள் 2020 செப்டம்பரில் ஏழு இயக்குநர்களின் நியமனத்தை வாக்களித்து நிராகரித்தார்கள். இரண்டே மாதத்தில் வங்கி சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டு, பங்கு முதலீடு முழுவதும் அழிக்கப்பட்டது. ரிசர்வ் வங்கி அதற்கு ஓராண்டு முன்பே, 2019 செப்டம்பரில், அவ்வங்கியை, நலிந்த வங்கிகளுக்கான சீர்திருத்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருந்தது; விற்று வெளியேற வேண்டிய நேரம் அதுதான்.