அவர் எக்ஸ்பயர் ஆனப்போ நான் லினன் ரூம்ல இருந்தேன்

இரண்டாம்வருஷம்:
போன மாசம் நர்சிங் கிளாஸ்ல ஃப்ராமெல்ட் ஸ்கேல் குடுத்தாங்க. சாகப்போறவங்கள பாத்துக்கறதுல நமக்கு என்ன மனசுன்னு பாக்கற ஃபார்ம். 30 வரி, ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 5 வரை மார்க். நாம பாத்துக்கற நோயாளி நாம இல்லாத நேரத்துல இறந்தா தேவலன்னு நினைப்போமான்னு அதுல ஒரு வரி வரும். யோசிக்கவே இல்ல, 'சுத்தமா இல்ல'ன்னு டிக் போட்டேன். 150க்கு 126.

இந்த வாரம் பெட் 9. நுரையீரல் கேன்சர், இதயம் நின்னா சிபிஆர் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க. காலைல மூச்சு வேகமா ஏறி, அப்புறம் இறங்கி, நின்னே போச்சு. வாட்ச்ல 22 செகண்ட் எண்ணினேன். மறுபடி வந்துச்சு. "பக்கத்துலயே இரு, வாய நனைச்சு விடு"ன்னு ஸ்டாஃப் சொல்லிட்டுப் போனாங்க. நான் ட்ரா ஷீட், அதான் பெட்ல குறுக்க விரிக்கற துணி, எடுத்துட்டு வரேன்னு கிளம்பிட்டேன். ட்ரா ஷீட் அவர் லாக்கர்லயே இருந்துச்சு, எனக்குத் தெரியும். லினன் ரூம்ல நின்னு தலையணை உறை எண்ணினேன். 41. ரெண்டு தடவ. திரும்பி வந்தப்போ முடிஞ்சிருச்சு. வாய் துடைக்க நனைச்ச காஸ் துணி இன்னும் என் கையிலயே இருந்துச்சு.

இந்தப் படிப்பு எனக்கு ஒத்து வருமா?

நைட்டூட்டி:
நீ ஃபார்ம்ல பொய் எழுதலம்மா. பெஞ்சுல உக்காந்து எழுதினப்போ அதான் உன் மனசு. பெட் பக்கத்துல நிக்கறது வேற.

எண்ணினியே, அது செயின்-ஸ்டோக்ஸ், மூச்சு ஏறி இறங்கி நின்னு மறுபடி வர்றது. புக்ல படம் போட்டிருக்கும், ஆனா அந்த இடைவெளில நாமளும் மூச்சப் பிடிச்சுட்டு நிப்போம்னு எந்த புக்லயும் இல்ல. முதல் வருஷத்துல இருந்து பிபி, டெம்பரேச்சர்னு எழுதிப் பழக்கிட்டு, திடீர்னு ஒண்ணும் எழுத வேண்டாம், சும்மா இருன்னா கை பதறும். கைக்கு வேலை குடு. உதட்டுக்கு ஈரம், பக்கவாட்டுல திருப்பறது. திருப்பறதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லு, கேக்காதுன்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது. தொண்டைல கரகரன்னு சத்தம் வந்தா பெரும்பாலும் அவருக்கு அது தெரியாது, கூட இருக்கறவங்களத்தான் உலுக்கிரும். அதனால வர்றதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட சொல்லி வை. சளிய உறிஞ்சி எடுக்க சக்ஷன் போட ஓடாத, அது அவருக்குத்தான் தொந்தரவு.

எனக்கு 18 வருஷ சர்வீஸ். முதல் கேஸ்ல நான் ஒளிஞ்சது பாத்ரூம்ல.

வார்டுபாய்இல்லநர்ஸ்:
எல்லாரும் ஓடுவோம்னு சொல்லி இதை ஈஸியா முடிச்சிர வேண்டாம். அந்த நேரம் வீட்டு ஆளு யாராச்சும் இருந்தாங்களா?

இரண்டாம்வருஷம்:
மக டீ குடிக்கப் போயிருந்தாங்க அண்ணா. வந்ததும், "நீ கூட இருந்தேல்ல?"ன்னு கேட்டாங்க. தலையாட்டிட்டேன். அதை முதல் போஸ்ட்ல எழுத முடியல.

டியூட்டர்மேடம்:
இப்பதான் விஷயத்துக்கு வந்திருக்கே. சாகப்போறவங்க மனசு எப்படிப் போகும்னு 1969ல டாக்டர் க்யூப்ளர்-ராஸ் சொன்ன அஞ்சு கட்டத்த உங்கள மனப்பாடம் பண்ண வைக்கறோம். கடைசி மணி நேரத்துல கூட நிக்கற ஸ்டூடண்ட்டுக்கு என்ன ஆகும்னு பேச ஒரு பீரியட் ஒதுக்கறதில்ல. தப்பு எங்க மேலயும் இருக்கு. அந்த நிலைமைல ரெண்டாம் வருஷத்த தனியா விட்டதும் சரியில்ல. உன் டியூட்டர்கிட்ட இத அப்படியே சொல்லு, தலையாட்டினதையும் சேத்து.

இரண்டாம்வருஷம்:
அவரோட மககிட்ட உண்மையச் சொல்லணுமா மேடம்?

நைட்டூட்டி:
மேடத்துக்கு முன்னாடி நான் சொல்றேன். நீயா தேடிப் போய்ச் சொல்லாத, உன் பாரம் இறங்கும், அவங்களுக்கு ஏறும். அவங்களா திரும்பி வந்து கேட்டா மட்டும் மறுபடி தலையாட்டாத.

வார்டுபாய்இல்லநர்ஸ்:
இதுல எனக்கு முழு சம்மதம் இல்ல. ஆனா டியூட்டர்கிட்ட முதல்ல சொல்லு.

இரண்டாம்வருஷம்:
நாளைக்கு சொல்றேன். அதே வார்டுதான். பெட் 9ல இப்ப நிமோனியா கேஸ், இட்லி கேட்டு சண்டை போடறார்.