புதுப்பிப்பு: கலிபோர்னியாவில் 9ஆம் வகுப்பு ஜியோமெட்ரி கிடைத்துவிட்டது

எட்டாவதிலேயே அல்ஜீப்ரா 1 நன்றாக முடித்த மகளை, ஹைஸ்கூலில் மறுபடியும் அதே பாடத்தில் போட்டுவிட்டார்கள் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது அதற்கு அடுத்த பாடமான ஜியோமெட்ரி படிக்கிறாள்.

கைகொடுத்தது, 2015இல் வந்த கணித வகுப்பு ஒதுக்கீட்டுச் சட்டத்தைப் பார்க்கச் சொன்ன அக்காவின் யோசனைதான். 9ஆம் வகுப்பில் சேருபவர்களுக்குக் கணக்கு வகுப்பை ஒதுக்க, பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) வெளிப்படையான கொள்கை வைத்திருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல்களைப் பார்க்க வேண்டும், முதல் மாதத்துக்குள் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பெற்றோர் கேள்வி எழுப்பவும் வழி உண்டு.

பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளி கவுன்சிலரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டபோது "இடமில்லை" என்ற பதில்தான் வந்தது. அப்புறம் மாவட்டக் கொள்கையின் வரிகளையே எடுத்துப் போட்டு, மாநிலத் தேர்வு மதிப்பெண்ணையும் எட்டாம் வகுப்பு கிரேடையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பினோம். சில நாளில் ஒரு சிறு தேர்வு வைத்தார்கள். இருபடிக் கோவைகளைக் காரணிப்படுத்தும் கணக்குகள்தான் அதிகம். வகுப்பை மாற்றிவிட்டார்கள்.

எதிர்பாராத ஒன்று: 'கேட்' (GATE) என்ற, தனித்திறன் மிக்க பிள்ளைகளுக்கான திட்டத்தில் அவள் இருந்தது எதற்கும் உதவவில்லை. அதற்கான தனி நிதியை மாநிலம் 2013இல் பொது நிதியோடு சேர்த்துவிட்டதால், நடத்துவதும் விடுவதும் மாவட்டத்தின் விருப்பம்.

அதே தேர்வை எழுதி, பெற்றோர் யாரும் கேட்காமலேயே இன்னும் சில பிள்ளைகளும் ஜியோமெட்ரிக்குப் போனார்கள். எனக்கு அதில்தான் பெரிய சந்தோஷம்.

இந்தச் சட்டம் 9ஆம் வகுப்பில் நுழைபவர்களுக்குத்தான். ஆறு, ஏழாவதுக்குத் தேடுபவர்கள் தங்கள் மாவட்டக் கொள்கையைப் பாருங்கள்.