ஜூலை கடைசியில் படகில் தீவு தீவாக: எந்தப் பக்கம் போகலாம்?

உப்புக்காற்று:

நாங்கள் நான்கு பேர்: நான், மனைவி, பத்து வயதுப் பையன், அறுபத்தைந்து தாண்டிய என் அம்மா. ஜூலை கடைசி வாரத்தில் கிளம்பினால் பத்து நாள் கிடைக்கும். பையனுக்குப் பள்ளி விடுமுறை அப்போதுதான் என்பதால் தேதியை அசைக்க முடியாது. ஒரே கடற்கரை விடுதியில் பத்து நாளும் கிடப்பதில் யாருக்கும் இஷ்டமில்லை, படகில் தீவு தீவாகப் போக வேண்டும்.

இப்போதைக்கு எழுதி வைத்திருக்கும் வரிசை: புக்கெட், ஃபி ஃபி (மாயா பே உட்பட), கோ லந்தா, சிமிலன், பிறகு விமானத்தில் பிலிப்பைன்ஸ் போய் எல் நிடோ, அங்கிருந்து படகில் கோரோன். படங்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது, எதையும் விட மனசில்லை.

இது பத்து நாளில் அடங்குமா? ஃபெர்ரியில் போவதா, இரவும் படகிலேயே தங்குகிற மாதிரி எடுப்பதா? அம்மாவுக்குக் காரில் மலைப்பாதை ஏறினாலே வாந்தி வரும். பையன் நன்றாக நீந்துவான், எனக்கு நீச்சல் தெரியாது. இதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

வாடைக்காரன்:

பத்து நாளில் அடங்குமா என்பது அப்புறம். நீங்கள் எழுதியிருக்கும் எல்லா இடமும் ஜூலையில் காற்று அடிக்கும் பக்கத்தில் இருக்கிறது. தேதியை மாற்ற முடியாது என்றால் தீவைத்தான் மாற்ற வேண்டும்.

புக்கெட், ஃபி ஃபி, லந்தா எல்லாம் தாய்லாந்தின் மேற்குக் கரை. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக அங்கேதான் வந்து மோதும். சிமிலன் பூங்காவை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடியே வைத்திருப்பார்கள், அதை இப்போதே அடித்துவிடுங்கள். மாயா பே கூட்டம் தாங்காமல் 2018இல் மூடி 2022இல்தான் திறந்தது. அதற்குப் பிறகும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் மூடுகிறார்கள், உங்கள் தேதி சரியாக விளிம்பில் நிற்கிறது. திறந்திருந்தாலும் அங்கே நீந்த விடுவதில்லை, காலை நனைத்துவிட்டு வரலாம். 2018 ஜூலையில் புக்கெட் அருகே சுற்றுலாப் படகு மூழ்கி 47 பேர் இறந்ததும் இதே பருவத்தில்தான், வானிலை எச்சரிக்கை இருந்தும் போன படகு அது. தினமும் அப்படி இருக்காது, கடல் சாதுவாக இருக்கும் நாளும் வரும். ஆனால் அது எந்த நாள் என்று கிட்டத்தில்தான் தெரியும், நான்கைந்து படகு டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னாடியே எடுத்து வைத்துக்கொண்டு போகிறவருக்கு அதனால் என்ன பயன்?

எல் நிடோவும் கோரோனும் இருக்கும் பலவானும் கிட்டத்தட்ட இதே நிலைதான். ஜூனிலிருந்து அக்டோபர் வரை ஹபகாட் என்கிற தென்மேற்குக் காற்று, கூடவே புயல் காலமும். புயல் பலவானைத் தொடாமல் வடக்கே வெகுதூரம் தள்ளிப் போனாலும் காற்றை இழுத்துவிடும், கடலோரக் காவல்படை சின்னப் படகுகளைத் துறையை விட்டுக் கிளம்ப விடாது. எல் நிடோவில் மூன்று நாள் மாட்டிக்கொண்டால் உங்கள் திரும்பும் விமானமும் போச்சு.

ஜூலை கடைசிக்குச் சரியாக வரும் இடங்கள் என்றால் தாய்லாந்து வளைகுடாவில் சமூயி, பங்கன், தாவ், மலேசியாவின் கிழக்குக் கரையில் பெர்ஹென்தியான், தியோமான், இந்தோனேசியாவில் கொமோடோ, ரொம்ப தூரம் போகத் தயார் என்றால் ஃபிஜியின் யசாவா தீவுகள். கரீபியன் பக்கம் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே சூறாவளிக் காலம். சீஷெல்ஸில் மழை குறைவு, ஆனால் தென்கிழக்குக் காற்று பலமாக இருக்கும், மாஹேயிலிருந்து பிராலினுக்கு ஃபெர்ரி ஒரு மணி நேரம்தான் என்றாலும் அந்த ஒரு மணி நேரம் உங்கள் அம்மாவுக்குப் பெரும்பாடு.

ஜெட்டிவாசி:

வாடைக்காரன் சொன்ன இடங்களில் முதலாவதான தாய்லாந்து வளைகுடாவையே பிடித்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து என்று மனதில் போட்டுவிட்டீர்கள், அதை விட வேண்டியதில்லை, கிழக்குப் பக்கம் தாண்டினால் போதும். தென்மேற்குக் காற்றின் வேகத்தை நடுவில் இருக்கும் நிலமும் மலையும் குறைத்துவிடும். அந்தப் பக்கம் மழை கொட்டுவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, நவம்பர்தான் மோசம். அலையே இருக்காது என்று சொல்லவில்லை, மேற்கிலிருந்து காற்று தூக்கும் நாளில் தாவ் போகும் படகு நன்றாகவே ஆடும்.

பத்து நாளுக்கு மூன்று தீவு போதும். நான்காவதைச் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். சமூயியிலிருந்து பங்கனுக்குப் படகு அரை மணி நேரம்தான் என்று பார்த்துவிட்டு ஏமாறுகிறார்கள். மூட்டை கட்டணும், அறையைக் காலி செய்யணும், டாக்ஸி பிடித்து ஜெட்டிக்கு, அதாவது படகுத் துறைக்கு, முன்னதாகவே போய் நிற்கணும், படகு தாமதமாக வரும், இறங்கினால் இன்னொரு டாக்ஸி, அங்கே போனால் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் அறை. அரை மணி நேரப் பயணம் அரை நாளைத் தின்றுவிடும். பெரியவர் ஒருவரும் குழந்தையும் கூட இருந்தால் அன்றைக்கு வேறு எதையும் வைக்காதீர்கள்.

வரிசை முக்கியம். சமூயியில் விமான நிலையம் இருக்கிறது, அங்கே இறங்கி, தூரமாக இருக்கும் தாவுக்கு முதலில் போய்விட்டு, திரும்பும்போது பங்கன், கடைசியில் மறுபடி சமூயி. நாள் போகப் போக விமானத்தை நோக்கி நெருங்கி வருகிற மாதிரி இருக்க வேண்டும். கடைசி நாள் காலையில் படகு, மாலையில் விமானம் என்று மட்டும் போடவே போடாதீர்கள், கடைசி இரவு விமான நிலையம் இருக்கும் தீவில்தான்.

முழு நிலவு தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பங்கனில் அன்றைக்கு நடக்கும் கடற்கரைக் கூத்துக்கு உலகமே வரும், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் படகில் இடம் கிடைக்காது, கிடைத்தாலும் நிற்க இடமிருக்காது. அந்தத் தேதியில் தாவில் இருங்கள்.

சாமான் விஷயம்: சக்கரம் வைத்த பெட்டி மணலிலும் மரப்பலகை ஜெட்டியிலும் உருளாது, தோளில் போடும் பைதான். பைகளைப் படகின் முன்பக்கம் குவித்து வைப்பார்கள், மேலே தார்ப்பாய் போட்டாலும் நனையும். பாஸ்போர்ட், மருந்து, ஃபோன், கொஞ்சம் ரொக்கம் நான்கையும் நீர் புகாத பையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்று:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு இருவருக்கும் நன்றி. மனைவிக்கு வளைகுடா யோசனை பிடித்துவிட்டது. பையன்தான் கொமோடோ என்ற பெயரைப் பார்த்துவிட்டு ராட்சதப் பல்லி, ராட்சதப் பல்லி என்று குதிக்கிறான். அங்கே படகிலேயே தங்குவார்கள் என்கிறார்களே, எங்களுக்கு அது ஒத்துவருமா?

நீலக்கால்:

கொமோடோ ஜூலையில் அருமையான இடம், மழையில்லாத காலம், கூட்டம்தான் அதிகம். லபுவான் பாஜோவில் விமானம் இறங்கும், அங்கிருந்து மூன்று பகல் இரண்டு இரவு என்று படகு எடுத்தால் படார் தீவு, பல்லி பார்க்கக் கொமோடோ அல்லது ரிஞ்சா தீவு, மாண்டா திருக்கை வரும் இடம் எல்லாம் அடங்கிவிடும். தீவுகளுக்குள்ளேயே ஒதுங்கி ஒதுங்கிப் போவதால் திறந்த கடல் அலை அவ்வளவாக இருக்காது. எனக்கு அங்கே மிகவும் பிடித்தது பல்லியே இல்லை, கலோங் தீவு. அந்தி சாயும்போது பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் சதுப்பு மரங்களிலிருந்து கிளம்பி உங்கள் தலைக்கு மேலே பக்கத்துப் பெரிய தீவான ஃபுளோரெஸ் பக்கம் பறந்து போகும், படகின் மேல்தளத்தில் படுத்துக்கொண்டே பார்க்கலாம், அம்மாவும் பார்க்கலாம்.

உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவருமா என்றால், பாதி. படாரில் மேலே ஏற நிறையப் படி. பல்லி பார்க்க வனக் காவலரோடு வரிசையாக நடக்க வேண்டும், பையன் ஓடக்கூடாது. அங்கே தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் மிகவும் வேகம், ஏனென்றால் பசிபிக் தண்ணீர் இந்தியப் பெருங்கடலுக்குப் பாயும் வழிகளில் அதுவும் ஒன்று. நீச்சல் தெரியாத நீங்கள் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் மாண்டா இடத்தில் இறங்க வேண்டாம், பையனும் வழிகாட்டி கூட இருந்தால் மட்டும். அமைதியான விரிகுடாவில் இறங்கிக்கொள்ளலாம்.

படகிலேயே தங்குவது என்றால் பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகள் கேட்டே ஆக வேண்டும். இரவில் எல்லோரும் தூங்கும்போது விழித்துக் காவல் இருப்பது யார்? அறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எது? பையன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, எங்கே வைத்திருக்கிறீர்கள்? முதல் கேள்வியைக் கேட்டால் முகம் சுளிப்பவர்களும் உண்டு, அவர்களை விட்டுவிடுங்கள். 2019இல் கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற டைவிங் படகு நள்ளிரவில் எரிந்து 34 பேர் போனார்கள், காவலுக்கு யாரும் விழித்திருக்கவில்லை. ஃபோன், கேமரா பேட்டரியை ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது.

லோம்போக்கிலிருந்து நான்கு நாள் படகிலேயே கொமோடோ வரை போகும் திட்டம் ஒன்றும் விற்பார்கள். வேண்டாம். திறந்த கடல், 2014 ஆகஸ்டில் அந்த வழியில் சுற்றுலாப் படகு ஒன்று மூழ்கியது. வாந்தி வருகிறவரை அதில் ஏற்றுவது பாவம்.

பாய்மரம்:

ஃபிஜியை விட்டால் எல்லோரும் ஆசியாவிலேயே நிற்கிறீர்கள். ஆஸ்திரேலியாவின் விட்சண்டே தீவுகளை யாரும் சொல்லவில்லையே? மொத்தம் 74 தீவு, ஜூலையில் திமிங்கலம் வரும் காலம், நவம்பரிலிருந்து மே வரை இருக்கும் விஷ ஜெல்லிமீன் தொல்லை அப்போது குறைவு. உரிமம் இல்லாமலே பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டலாம், முதல் நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் விடுவார்கள். தினமும் ரேடியோவில் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும், மாலை 4 மணிக்குள் நங்கூரம் போட்டுவிட வேண்டும். இந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் வெயில் சாய்ந்துவிட்டால் தண்ணீருக்கடியில் பவளப்பாறை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. எந்த வெப்பக்கடலிலும் இது பொருந்தும், சூரியன் உச்சியில் இருக்கும்போதே நகர்ந்து முடித்துவிட வேண்டும்.

இன்னொன்று, பாய்மரப் படகு 6 நாட் வேகத்தில் போகும், அதாவது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர், சைக்கிள் வேகம்தான். வரைபடத்தில் பக்கமாகத் தெரிவதெல்லாம் பக்கமில்லை.

வாடைக்காரன்:

பாய்மரம், நீச்சல் தெரியாதவர், வாந்தி வரும் அம்மா, படகே ஓட்டியிராத குடும்பம், இவர்களிடம் சுக்கானைக் கொடுத்து அனுப்பச் சொல்கிறீர்களே! ஜூலையில் அங்கேயும் தென்கிழக்குக் காற்று லேசானதில்லை.

பாய்மரம்:

காற்று இருந்தால்தானே பாய். கேப்டனோடு சேர்த்து எடுக்கலாம் என்பதை எழுத விட்டுப்போச்சு. சரி, இவர்களுக்கு வளைகுடாவே மேல், ஒப்புக்கொள்கிறேன்.

சுக்குத்தண்ணி:

அம்மா பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. வாந்தி மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். மெக்லிசின் வகை தூக்கம் வரவைக்கும், ஜெட்டியில் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை ஒன்று உண்டு, அதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் பெரியவர்களுக்கு ஒட்டாதீர்கள், சிலருக்கு மனக்குழப்பம் வரும், கண் அழுத்த நோய் இருந்தால் கூடவே கூடாது. வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

உட்காரும் இடம் பாதி மருந்து. கீழ்த்தளம், நடுவிலோ பின்னாலோ, தொடுவானம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும், முதலில் ஏறுகிறவர்கள் காட்சி தெரியும் என்று அங்கேதான் போய் உட்காருவார்கள். காலி வயிறும் வேண்டாம், முட்ட முட்டச் சாப்பிட்டும் வேண்டாம். ஸ்பீட் போட் கிட்டேயே போகாதீர்கள், முதுகுக்கும் ஆகாது. கார் ஏற்றும் பெரிய ஃபெர்ரி ஓடும் வழியென்றால் நேரம் கூடினாலும் அதுதான், இல்லாத வழிக்குப் பெரிய கட்டமரான், அதாவது இரட்டை அடிப்பகுதி உள்ள படகு. காலைப் படகாக எடுங்கள், பொதுவாகப் பிற்பகலில் காற்று கூடும்.

உப்புக்காற்று:

முடிவு செய்துவிட்டோம். பிலிப்பைன்ஸ் இல்லை, கொமோடோ பையன் இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு. சமூயியில் ஒரு இரவு, தாவில் மூன்று, பங்கனில் மூன்று, மறுபடி சமூயியில் இரண்டு. மனைவி தாவில் ஸ்கூபா கற்றுக்கொள்ளப் போகிறாள். கடைசியாக ஒன்று, ஆங் தோங் கடல் பூங்காவைப் பங்கனிலிருந்து பார்ப்பதா, சமூயியிலிருந்தா?

ஜெட்டிவாசி:

இரண்டிலிருந்தும் போகிறார்கள். உங்களுக்குச் சமூயியே நல்லது, கடைசி இரண்டு இரவுக்கு நடுவில் வரும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பீட் போட் இல்லாமல் பெரிய படகாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். காற்று சரியில்லை என்று ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா, வேறு நாள் தருவார்களா என்று முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கூபா செய்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும், உங்கள் வரிசையில் அது தானாகவே அமைந்துவிட்டது.

ஆங் தோங்கில் 42 தீவு, ஒரு நாளில் இரண்டு மூன்றில்தான் இறங்குவீர்கள். பச்சை ஏரிக்குப் போகும் படி செங்குத்து, அம்மா கீழே கடற்கரையில் உட்கார்ந்துகொள்ளட்டும், நிழல் இருக்கும். உச்சிப் பாறைக்கு ஏறுவதென்றால் சில இடத்தில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும், பையனுக்கு ஷூ எடுத்து வையுங்கள், செருப்பு தாங்காது.