மறுமொழி: விளிம்புக்கல்லும் முண்டுவரியும்

வணக்கம்.

நீச்சல் தடாகத்தின் வாய்க்கட்டில் வைக்கும் கல் 'கோப்பிங்'. கல் பதித்த தளத்தின் வெளியோரத்தைத் தாங்கிப் பிடிப்பது 'எட்ஜ் ரெஸ்ட்ரெயின்ட்'. வேலைத்தாளில் இரண்டுக்குமே தமிழில் 'விளிம்பு' என்று போட்டால் போதும், இடத்தைப் பார்த்து மேசன் புரிந்துகொள்வார் என்று வவுனியா நண்பர் எழுதியிருக்கிறார். புரிந்துகொள்ளமாட்டார். நான் பட்டறிந்தது இது.

மாங்குளம் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் தடாகம். சுற்றிவர இன்ரர்லொக் கல் பதிக்கும் வேலை. 'விளிம்பைக் கொங்கிறீற்றால் இறுக்கவும்' என்று வேலைத்தாளில் எழுதியவன் நான்தான். நான் நினைத்தது தோட்டப் பக்கத்து விளிம்பு. மேசன் இறுக்கியது தடாகப் பக்கத்து விளிம்பு. தடாகத்தின் வாய்க்கட்டில் இருக்கும் கல்லுக்கும் தளத்துக்கும் நடுவே விடவேண்டிய அரை அங்குல இடைவெளியும் அதோடு அடைபட்டுப் போனது. தோட்டப் பக்கம் வெறும் செம்மண். கார்த்திகை மழையில் வெளிப்பக்கத்து இரண்டு வரிக் கற்கள் மண்ணோடு நழுவின. 2 முதல் 5 மில்லிமீற்றர் இருக்கவேண்டிய இடுக்கில் என் சுண்டுவிரல் தாராளமாகப் போனது. வீட்டுக்காரர் மேசனைத் திட்டினார். மேசன் சட்டைப்பையிலிருந்து வேலைத்தாளை எடுத்து என் முகத்துக்கு நேரே விரித்தார்.

இந்தக் கல்லைச் சீமெந்து பிடிப்பதில்லை. இறுக்கிய கிரவலுக்கு மேல் 30 முதல் 40 மில்லிமீற்றர் மணல், அதன்மேல் கல், இடுக்கில் நுண்மணல். அதிர்வு இயந்திரத்தை ஓட்டியதும் கல்லைக் கல் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. அந்த நெருக்கம் வெளியே தள்ளப் பார்க்கும். ஓரத்தில் நின்று அதைத் தாங்குவதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

முள்ளியவளை நண்பரின் 'வரம்பு' எனக்கும் ஆசையான சொல்தான். ஆனால் வரம்பு மறிப்பது தண்ணீரை. அந்தச் சொல்லைக் கேட்டவர் கல்லுக்கு மேலே நான்கு அங்குலம் உயர்த்திக் கட்டிவிடுவார். தடாகத்தைச் சுற்றிய தளமோ 60 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் தோட்டத்தை நோக்கிச் சரிந்து தண்ணீரை வெளியேற்றவேண்டும். வரம்பு கட்டினால் அங்கே நெல் விதைக்கலாம்.

ஆகவே 'முண்டுவரி'. சாயும் வேலிக்கும் குலை தள்ளிய வாழைக்கும் முண்டு கொடுக்கிறோம். இங்கே கல்லுக்குக் கொடுக்கிறோம். 'வரி' மேசன்மார் வாயில் ஏற்கெனவே உள்ள சொல். வரி என்றால் இறைவரி நினைவுக்கு வருகிறது என்ற ஆட்சேபத்தைச் சிரித்துவிட்டுக் கடக்கிறேன். முண்டு என்றால் தங்களுக்கு வேட்டி என்று நாகர்கோவில் நண்பர் சொல்வது வேறு. அதை மறுக்க முடியாது. அவர்கள் 'தாங்குவரி' என்று வைத்துக்கொள்ளட்டும். எங்கள் வேலைத்தாள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் படிக்கப்படுவது.

'கோப்பிங்'குக்கு நானே முன்பு 'வாய்க்கல்' என்று முன்மொழிந்தேன். திரும்பப் பெறுகிறேன். இரணைமடுத் தண்ணீர் ஓடும் ஊரில் அதைக் கையால் எழுதினால் ஒரு கால் கூடி 'வாய்க்கால்' ஆகிவிடும். 'மகுடக்கல்' தேர்ச் சிற்பத்துக்குப் பொருந்தும். ஈரக் காலோடு ஏறி மிதிக்கும் கல்லுக்கு வேண்டாம். 'விளிம்புக்கல்' அதற்கு மட்டும் இருக்கட்டும். அதற்கும் தளத்துக்கும் நடுவே விடும் இடைவெளிக்கு 'விரிவிடம்'. அதில் யாருக்கும் வழக்கில்லை.

வேலைத்தாளின் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: 'தோட்டப் பக்கம் கொங்கிறீற்றில் முண்டுவரி அமைக்கவும், அதன் மேல்மட்டம் கல்லின் மட்டத்தைத் தாண்டக் கூடாது. விளிம்புக்கல்லை ஒட்டிய விரிவிடத்தில் சீமெந்து இடாமல், ரப்பர்போல் இழுபடும் பசையை நிரப்பவும்.'

அதே மேசனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "முண்டு எத்தனை அங்குல அகலம்?" என்று கேட்டார். தாளில் அதை எழுத மறந்திருந்தேன். ஆறு அங்குலம் என்று பேனாவால் சேர்த்துக்கொண்டார்.